மேசை விரிப்பில் ஒரு கூழைக்கடா

இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த ஆரி ஊசி மேலிருந்து இறங்கி, அந்த நூலைக் கொக்கியில் மாட்டி, கண்ணி கண்ணியாக மேலே இழுத்தது. மரச்சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணி மேளத் தோல் போல விறைத்து நின்றது. திராட்சைக் குலையில் இன்னும் நாலு பழம் பாக்கி. அது முடிந்தால் நடுவில் பறவை. அதனால்தான் அந்தக் கைகள் அன்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தன.

நூர் பீவிக்கு நாற்பத்திரண்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. ஆரி வேலையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கல்யாணமான புதிதில் நாத்தனாரின் நைந்துபோன நிக்காஹ் சேலையைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்து நூலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஊசி வைக்க மாட்டாள். இலையென்றால் காம்பிலிருந்து நுனிக்கு. தண்ணீரென்றால் மேலிருந்து கீழே. கல்யாண ரவிக்கைகளில் அவள் தைத்த மயில்கள் படப்பை வரைக்கும் போயிருக்கின்றன.

இந்தத் துணி 2005ஆம் வருஷம், கிறிஸ்தவர்களின் பெரிய வியாழனுக்கு ஒன்றரை மாதம் முன்னால் வந்தது. கொண்டுவந்தவர் தபீதாள் டீச்சர். சேலையூர்ப் பக்கத்தில் ஒரு சபையின் பெண்கள் சங்கத்தை நடத்துகிறவர். திருவிருந்து மேசைக்கு விரிப்பு வேண்டும். ஓரத்தில் கோதுமையும் திராட்சையும். நடுவுக்கு இண்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு படம்: தன் மாரைத் தானே கொத்துகிற பறவை, கீழே வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள், ரத்தத் துளிகள்.

"இது என்ன பறவை டீச்சர்?"

"கூழைக்கடா, நூர்."

"கூழைக்கடாவா? நான் வேடந்தாங்கல்ல பாத்திருக்கேனே. அலகுக்குக் கீழ பை தொங்கும். இதுக்குப் பருந்து மூக்குல்ல இருக்கு?"

"ஐந்நூறு வருஷமா இப்படித்தான் வரையறாங்க."

"ஐந்நூறு வருஷமா ஒருத்தர்கூட வேடந்தாங்கல் போகலையா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "படத்துல இருக்கறபடியே தைச்சிடு. தாய் தன் ரத்தத்தைக் குடுத்துக் குஞ்சைக் காப்பாத்துது. எங்களுக்கு அது இயேசு."

அப்போது புரிந்த மாதிரிதான் இருந்தது. ஓரம் தைத்து முடிக்கிற நேரத்தில்தான் புரியாமல் போனது. பி.காம். படிக்கிற மகள் இஃப்ராவைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினாள். அவள் நாலு தாளோடு திரும்பினாள்.

"ஒண்ணுல, பஞ்சத்துல பிள்ளைக்கு ரத்தம் குடுத்துச்சுன்னு போட்டிருக்கும்மா. இன்னொண்ணுல, கோவத்துல அதுவே குஞ்சைக் கொன்னுட்டு, மூணு நாள் அழுது, அப்புறம் ரத்தத்தைத் தெளிச்சு எழுப்புச்சாம். மூணாவது ஆளு, ரத்தமே கிடையாது, பையில இருக்கற மீனைக் கக்க அலகை மார்ல அழுத்துது, தூரத்துலேர்ந்து பாத்தவன் தப்பா எழுதிட்டான்றான்."

"நாலாவது?"

"அது ஒரே சண்டை. இந்தப் பறவை நம்ம மதத்துதே இல்ல, சர்ச்லேர்ந்து பிடுங்கி எறியுங்கன்னு ஒருத்தன். அவனும் கிறிஸ்டியன்தான்."

கொடுத்தவளா, கொன்றவளா, வெறுமனே மீன் கக்கியவளா? நூர் பீவி நாலு தாளையும் சட்டத்தின் மேல் பரப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த இன்னொண்ணு?" என்று கேட்டாள். மார்க்கப்படி, உயிருள்ளதை உருவமாகத் தைத்து, ஜனங்கள் தொழுகிற இடத்தில் போடக் கொடுக்கலாமா என்பதுதான் அந்த இன்னொன்று.

"பாத்தேன். அஞ்சு பேரு, அஞ்சு பதில். கூடவே கூடாது. தலையில்லாட்டி பரவால்ல. கும்பிடாட்டி பரவால்ல. பொழைப்புன்னா பரவால்ல. அஞ்சாவது எனக்கே புரியல. ஆனா அஞ்சு பேரும் கடைசில 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்'னு முடிச்சிட்டாங்க."

"அது எனக்கே தெரியுமேடி."

செருப்புக் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த கணவர் நசீருதீன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "மயிலு தைக்கச்சொல்ல எங்க போச்சு இந்தக் கேள்வி?"

"ரவிக்கை முன்னாடி யாரும் மண்டி போடலைங்க."

"அப்ப திருப்பிக் குட்த்துரு. இன்னாத்துக்குப் பேஜாரு?"

நடுவில் வெறும் வெள்ளையோடு திருப்பிக் கொடுத்தால், இருக்கிற பத்து நாளில் வேறு எந்தக் கை அதை எடுக்கும்? கொடுக்காமல் தைத்தே முடித்தால், தன் கை தன்னோடு பேசுமா? அவள் டீச்சருக்கே போன் போட்டாள்.

"டீச்சர், நீங்க இந்தப் பறவையைக் கும்பிடுவீங்களா?"

டீச்சர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மேசை மேல அப்பமும் திராட்சை ரசமும் வைப்போம். அதுக்கு முன்னாடி மண்டி போடுவோம். பறவையைக் கும்பிடறதில்ல... ஆனா மண்டி போட்டா கண்ணு நேரா அது மேலதான் விழும். நீ கேட்டப்புறம் எனக்கே குழப்பமா இருக்கு, நூர்."

அந்தப் பதில் ஒன்றையும் தீர்க்கவில்லை. ஆனாலும் அவள் ஊசியை எடுத்தாள். கழுத்திலிருந்து வாலுக்கு இறகுகளை ஓட்டினாள். துளிகளை மாரிலிருந்து கீழே இறக்கினாள். எந்தக் கதையானாலும் ரத்தம் கீழேதான் விழும். அலகைப் படத்தில் இருந்தபடி, மனசில்லாமல், கூராகவே வைத்தாள். அப்போதுதான் பொரிந்து வந்த குஞ்சுகளுக்குக் கண் திறந்திருக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள். தாயின் கண் மட்டும் மிச்சம். அதற்கான கறுப்பு மணி இரண்டு நாள் அவள் விரலிடுக்கிலேயே உருண்டது. வைக்கப் போவாள், கை நின்றுவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, மோவாயை மார்பில் அழுத்திக் குனிந்து பார்த்தாள். அங்கே ஒரு காயம் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். கண் தானாக மூடிக்கொண்டது. நிமிர்ந்தாள். துணியில் கண்ணுக்காக இட்டிருந்த வட்டத்தைத் துடைத்தாள். அந்த இடத்தில் கறுப்பு நூலால் வளைந்த ஒரே ஒரு கோடு. இது கூடுமா, கூடாதா? தெரியவில்லை. கை போனது, அவ்வளவுதான்.

பெரிய வியாழனுக்கு முந்தின புதன்கிழமை டீச்சர் வந்தார். சட்டத்தின் மேல் மூடியிருந்த துணியை நூர் பீவி விலக்கினாள்.

"முன்னாடியே சொல்லிடறேன் டீச்சர். படத்துல கண்ணு திறந்திருந்துச்சு. நான் மூடிட்டேன். எனக்காகத்தான். பாக்குற கண்ணை அந்த இடத்துல வைக்க என் கை வரலை. வேணும்னா மணியும் ஊசியும் தரேன். நீங்களே வெச்சுக்கணும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஜெபம் பண்றாப்பல இருக்கு."

"வலியில மூடினதுன்னு நினைச்சுத்தான் நான் தைச்சேன்."

"ரெண்டுல எது?"

"தெரியலை டீச்சர்."

"சபையில கேப்பாங்களே."

"என்ன சொல்வீங்க?"

"நீ சொன்னதைத்தான் சொல்லணும். எனக்கு வேற என்ன தெரியும்?" டீச்சர் நிமிர்ந்தார். "மணி வேணாம், நூர். இப்படியே குடு."

நூர் பீவி சட்டத்தின் கட்டுகளை அவிழ்த்தாள். மடித்தால் ஜரிகை ஒடியும் என்று மெல்லிய தாளை உள்ளே வைத்து, அட்டைக் குழாயில் துணியைச் சுருட்டினாள். டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தக் கைகளின் மேல் அதைக் குறுக்காக வைத்தாள்.