பின்னால் நின்று சொல்ல ஓர் ஆள்

அவள் யாரோடும் ஓடிப்போகவில்லை. முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ஐம்பத்தாறு வயதில், முட்டிவலித் தைலத்தையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு எவளாவது ஓடுவாளா? எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தாராம், யாரோ ஒரு ஆள் வந்து வீட்டோரம் நின்ற கேரவன் பக்கம் குனிந்து நின்று பேசினானாம். வந்தவன் டயர் கடைக்காரன். டயர் பார்க்க வந்தவன் குனியாமல் எப்படிப் பார்ப்பான்? அதற்குப்போய் கண் காது மூக்கு வைத்துத் தெரு முழுக்கச் சுற்றவிட்டாயிற்று.

தையல்காரர் வேறு மாதிரி. "பொண்டாட்டி செத்த அண்ணன தனியா விட்டுட்டுக் கெளம்பிட்டா பாரு, கல்நெஞ்சுக்காரி" என்கிறார். கல்நெஞ்சுக்காரியா இல்லையா என்பதைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

தெருவுக்கு அவள் வேன்காரி. சலவைக்கூடத்து வேனை ஓட்டி, ஆஸ்பத்திரி போர்வைகளையும் ஓட்டல் விரிப்புகளையும் இருபது வருஷம் ஏற்றி இறக்கியவள். அதற்கு முன்னால் இரண்டரை வருஷம் ஒருவனுக்கு மனைவியாக இருந்தாள். அவன் வேறொரு வீட்டுக்குப் போக்குவரத்து வைத்துக்கொண்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி முகம் சுளிக்கவில்லை. சமையலறையை ஒட்டி, பழைய பேப்பரும் காலி சிலிண்டரும் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தாள். மடக்குக் கட்டில் ஒன்று போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

அந்த அண்ணி இருபது வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடினாள். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. "அத்த, அத்த" என்று காலைக் கட்டிக்கொண்ட இரண்டையும் தலைவாரி, சாப்பாடு கட்டி, காய்ச்சலுக்கு மடியில் போட்டு ஆளாக்கினாள். இப்போது அவை ஆளுக்கொரு ஊரில் வேலையில் இருக்கின்றன. பெற்ற கடன் எதுவும் அவளுக்கு இல்லை. வளர்த்தாள், முடிந்தது.

வீட்டின் பக்கச் சுவரோரம், தகரக் கூரையின் கீழ் அந்தக் கேரவன் நின்றது. வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் சக்கரம் வைத்த வீடு. அண்ணனும் அண்ணியும் ஆசைப்பட்டு வாங்கியது. அண்ணி போனபிறகு அதன் கதவை யாரும் திறக்கவில்லை.

முட்டி தேய்ந்து, துணி மூட்டை தூக்க முடியாமல் போனபோது, ஏரிக்கரையில் ஓர் இடத்திலிருந்து அவளுக்கு வேலை வந்தது. இந்த மாதிரி வண்டிகள் வந்து தங்கும் மைதானம், அங்கே துவைக்கும் அறையை மேற்பார்க்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால் ஓரமாக நிறுத்திக்கொண்டு அதிலேயே இருக்கலாம். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள வந்துருங்கம்மா, அதுக்கு மேல இடம் புடிச்சு வைக்க முடியாது" என்றார் அங்கிருந்த மேலாளர்.

அண்ணனிடம் கேரவனைக் கேட்டாள். அண்ணன் ஒயரிங்காரர், வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேச்சுதான் எண்ணி எண்ணி வரும்.

"இங்க ஒனக்கு என்ன பாப்பா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்லண்ணா. அப்பா வீட்டுல இருந்தேன், அவன் வீட்டுல இருந்தேன், ஒன் வீட்டுல இருக்கேன். ஒரு தடவையாவது உள்ள தாப்பா போட்டுட்டு, யாரு தட்டுனா தொறக்கணும்னு நான் முடிவு பண்ணணும்."

அவர் கேரவன் பக்கம் திரும்பினார். "அதுல லைட்டு எதுவும் எரியாது. அப்படியே ரோட்டுல எறக்குனா பின்னாடி வர்றவன் இடிச்சிருவான்."

"எரிய வெய்யி."

"வெளிலைட்டு அத்தனையும் எல்.இ.டி.யா மாத்தணும். பழசோட மாரடிக்க முடியாது."

"மாத்து."

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை நடந்தது. பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடிகளைக் கழற்றினார். பல்பு உட்காரும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நம்பர் பிளேட்டு விளக்கு, பக்கவாட்டு ஆரஞ்சு விளக்குகள், கதவுக்கு மேல் இருந்தது, எல்லாம் மாறின. பழைய பல்பை எப்படித் திருப்பிக் கொடுத்தாலும் எரியும். புதியதில் பிளஸ் மைனஸ் மாறினால் எரியாமல் முறைத்துக்கொண்டு இருக்கும். பழைய விளக்குகளின் திருகு ஓட்டைகளை அவள் பசை வைத்து அடைத்தாள். விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி உள்பலகை உளுத்துவிடும்.

சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். சலவைக்கூடம் கழித்துவிட்ட பழைய வேன் அவளிடம் இருந்தது. அதன் சீட்டில் அவள் உட்கார்ந்து மிதிப்பாள், அண்ணன் கேரவனுக்குப் பின்னால் நின்று சொல்வார்.

"பிரேக்கு."

"எரியுது."

"ரைட்டு."

"எரியல. இரு... எரியுது."

ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

நாலாவது ஞாயிறு எல்லாம் எரிந்தது, ஆனால் இண்டிகேட்டர் போட்டால் ஓட்டுகிறவர் பக்கம் 'டிக் டிக்' என்று நிதானமாக அடிக்க வேண்டியது, விரட்டி விரட்டி அடித்தது. "ஏதோ பால்ட்டு. ஒயர பிரிச்சுப் பாக்கணும்" என்றார். பிரித்தார். பூட்டினார். மறுபடி பிரித்தார். மாதம் பாதி தாண்டிவிட்டது.

அந்த வாரம் அவர் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். சலவைக்கூடத்தில் இருந்தவள் பாக்கெட்டைத் துழாவாமல் துணியைத் தண்ணீரில் போடமாட்டாள். உள்ளே விரல் நீளத்தில் தங்க நிறக் கட்டைகள் இரண்டு, வாலில் ஒயரோடு இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, பசை வாங்கப் போன இடத்தில் உதிரிபாகக் கடைக்காரரிடம் காட்டினாள்.

"ரெசிஸ்டர்க்கா இது. பின்னாடி பல்பு உசுரோட இருக்கான்னு வேன் பாத்துக்கிட்டே இருக்கும். பழைய பல்பு நல்லா கரண்ட்ட இழுக்கும், அதனால தெரியும். எல்.இ.டி. துளியூண்டு இழுக்குறதால, பின்னாடி ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு வேகமா அடிக்கும். இத மாட்டுனா சரியாயிரும், பத்து நிமிஷ வேல. ஒங்கண்ணன்தான எங்களுக்கே சொல்லிக் குடுத்தாரு? போன மாசமே ரெண்டு வாங்கிட்டுப் போனாரே."

அவள் வீட்டுக்கு வந்து அதைத் திரும்பப் பாக்கெட்டிலேயே வைத்தாள். அடுத்த ஞாயிறும் வேன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒயரைப் பிரித்தார், பூட்டினார், அவள் மிதித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே அந்த ஞாயிற்றை அவருக்குக் கொடுத்தாள். அதற்கடுத்ததையும் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரியாம்.

நாலே நாள் மிச்சம் இருந்தது. சலவைக்கூடத்தில் ஒரு மரியாதை உண்டு. பாக்கெட்டில் எது கிடைத்தாலும் மடித்த துணியின் மேல் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இது ஏன் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. அவர் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து, அதன் மேல் இரண்டு கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் டீகூடக் குடிக்காமல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கேரவனின் அடிச்சட்டத்து இரும்பில் ஓட்டை போட்டு இரண்டையும் முடுக்கினார். "போடு" என்றார். டிக். டிக். டிக். நிதானமாக அடித்தது.

"பால்ட்டு கெடச்சிருச்சு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லதுண்ணா."

"அது சூடாகும். கை வச்சிராத."

"சரிண்ணா."

கிளம்பும் நாள் காலையில் மடக்குக் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தாள். அந்த அறையின் கதவு முதல் தடவையாக முழுசாகத் திறந்தது. ஒரு வாரத்துக்குக் குழம்பு வைத்து, டப்பா டப்பாவாக எடுத்து வைத்திருந்தாள். வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டினாள். வந்தபோது கொண்டுவந்த பெட்டியோடு வாசற்படி இறங்கினாள்.

அண்ணன் ஏற்கெனவே கேரவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். "கடைசியா ஒருக்கா பாத்துரலாம் பாப்பா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். லெப்டு, ரைட்டு, நம்பர் பிளேட்டு, எல்லாம் எரிந்தன. "பிரேக்கு" என்றார். மிதித்தாள். "எரியுது." கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தடவ." மிதித்தாள். "இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. அவர் சொல்லாமல் காலை எடுப்பதில்லை என்று அவள் மிதித்தபடியே இருந்தாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். டீச்சரம்மா மாடியில் நின்றார். அவர்கள் பார்த்தது, கிளம்பாமல் நின்ற வண்டியைத்தான். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எரியுதும்மா" என்றார் அவர். "போ."

தெருமுனையில் திரும்புவதற்காக அவள் பிரேக் போட்டாள். அங்கேயே நின்றிருந்தவர், "எரியுது" என்று இன்னொரு தடவை சொன்னார்.