மூன்று ஆப்சென்ட், ஒரு ட்ரம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அம்மாவாக இருப்பது ஓர் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, என்ன வேலை என்று யாரும் தெளிவாகச் சொல்லவும் மாட்டார்கள். படிப்பைப் பற்றி நான் புலம்பவில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. படிப்புக்கு வெளியே மன்றம், பேண்டு, நாடகம், விளையாட்டு என்று இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது. நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். எங்கள் காலத்தில் படிப்புக்கு வெளியே இரண்டே இரண்டு: தையல், ஜெபம். ஊசியும் வாயும் இருந்தால் போதும். இன்றைக்கு? என்னைப் போல் மாட்டிக்கொண்டு முழிக்கும் அம்மாமாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பதினாலு கட்டம்

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை கான்வென்ட்டுக்கு வேனில் போகிறாள் என் மகள் கயல். ஏழாம் வகுப்பு. ஜூன் மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினாலு கட்டம். சாரணியர், செஞ்சிலுவை, பசுமைப் படை, பேண்டு, நாடகம், இன்னும் என்னென்னவோ. கயலுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: பேண்டில் ட்ரம். விளையாட்டு விழா அன்றைக்கு முதல் வரிசையில் ட்ரம்மை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்காக மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா எல்லாம் அடி வாங்கியிருக்கிறது. நான் பேண்டுக்கு மட்டும் டிக் போட்டு அனுப்பினேன். தாள் திரும்பி வந்தது. சேவை ஒன்று, கலை ஒன்று, விளையாட்டு ஒன்று என மூன்று டிக் வேண்டுமாம். பேண்டு கலையா விளையாட்டா என்று கேட்க நேரில் போனேன்.

பொறுப்பாளர் சிஸ்டர் லூர்து ஒரு நீல நோட்டைத் திறந்தார். இருப்பது எட்டு ட்ரம். கேட்டிருப்பது பதினோரு பிள்ளைகள். கயல் எட்டாவது. புதன், வெள்ளி பிராக்டிஸ். மூன்று ஆப்சென்ட் ஆனால் ட்ரம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அன்றைய உடுப்பு சரியில்லை என்றால் வந்திருந்தாலும் ஆப்சென்ட்தான். "அது சரி சிஸ்டர், பேண்டு கலையா, விளையாட்டா?" என்றேன் மறுபடியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதுல எங்களுக்கே குழப்பம் இருக்கு. நீங்க ரெண்டுலயும் டிக் போட்டுருங்கம்மா."

அழிந்துபோன செய்தி

புதன்கிழமை அவரவர் ஹவுஸ் நிறத்தில் பனியன், வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை. இது வரைக்கும் எனக்கு மனப்பாடம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வாட்ஸ்அப் குரூப்பில் சிஸ்டரின் செய்தி ஒன்று விழுந்தது. நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வருவதற்குள் அழிந்துவிட்டது. அவ்வளவுதான். "என்ன மெசேஜ் சிஸ்டர்?" "நாளைக்கு வெள்ளையா?" "வெள்ளைன்னா ஷூவுமா?" "எங்க வீட்ல மஞ்ச பனியன் காயல." நாற்பது அம்மாக்கள், நாற்பது கேள்வி, பதில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. அழித்தார் என்றால் ஏதோ மாற்றம் இருக்கிறது, மாற்றம் என்றால் வெள்ளை என்று முடிவுகட்டி, குரூப்பிலும் "வெள்ளைதான், குழப்பிக்காதீங்க" என்று போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

மறுநாள் மைதானம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருந்ததாம். நடுவில் கயலும், என் பேச்சைக் கேட்ட நாலு பிள்ளைகளும் கொக்கு மாதிரி நின்றார்களாம். முதல் ஆப்சென்ட். டவுனில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் பாத்திமாவுக்குப் போன் போட்டேன். அவள் மகள் ரிஸ்வானாவும் கயலும் ஒரே வகுப்பு. ட்ரம்முக்குக் காத்திருப்போர் பட்டியலில் ரிஸ்வானாதான் முதல். "உன் பிள்ளை எதுல போனா?" என்றேன். பாத்திமா சிரித்தாள்: "ரெண்டையும் பையில வச்சு அனுப்பிட்டேன்க்கா. உங்க மெசேஜையும் பாத்தேன், அதான் ரெண்டையும் வச்சேன்."

சூசையப்பரின் தாடி

கிறிஸ்துமஸ் நாடகத்தில் ரிஸ்வானாவுக்கு மாதாவின் கணவர் சூசையப்பர் வேடம். மாதாவாக நடித்தது எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பூசாரி மகள். மூன்று ராஜாக்களில் யார் யார் எந்த மதம் என்று நான் எண்ணிப் பார்த்துக் குழம்பி விட்டுவிட்டேன். தாடிக்குப் பஞ்சு ஒட்டினால் பிள்ளைக்குத் தும்மல் வருகிறது என்று பாத்திமா கடையிலிருந்து பழுப்பு உல்லனை வெட்டி ஒட்டினாள். குவைத்திலிருந்து வீடியோ காலில் வந்த அவள் வீட்டுக்காரர் மகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்திமா, நானும் ரெண்டு வருசமா வளக்குறேன், எனக்கு இப்படி அமையலயே!"

கறுப்புக் குட்டி

அதே நாடகத்துக்கு நிஜமான ஆட்டுக்குட்டி ஒன்று வேண்டும், ஒத்திகைக்குக் கொண்டுவர யாரால் முடியும் என்று குரூப்பில் கேட்டார் சிஸ்டர். நாற்பது அம்மாக்களும் ஊமையானார்கள். நான் "என்னால்" என்று போட்டேன். சிஸ்டர் கடற்கரை ஊர்க்காரர், செம்மறி, வெள்ளாடு என்று பிரித்துக் கேட்கத் தெரியாது. அவருக்குத் தேவைப்பட்டது வெள்ளைச் செம்மறிக்குட்டி. என் பக்கத்து வீட்டு மூக்கம்மாக்கா வைத்திருப்பது வெள்ளாடு, அதுவும் கரிச்சட்டி நிறம். இது ஆகாது என்பது புதன்கிழமை மதியம் ஆட்டோவில் குட்டியோடு போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. குட்டிக்கு ஒரு டப்பா முகப்பவுடரைக் கொட்டித் தேய்த்தார்கள். அது மிரண்டு கத்த, கயல் மடியில் மட்டும் அடங்கியது. மைதானத்தில் பேண்டு முழங்க, அவள் மேடையில் குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஆப்சென்ட்.

குட்டியைத் திருப்பிக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மூக்கம்மாக்கா வாசலில் வந்து நின்றார், கையில் பால் சங்கு. "பவுடரு வாசத்துக்குத் தாயாடு குட்டியச் சேத்துக்க மாட்டேங்குது. கொண்டுபோனவுக நீங்கதான, வந்து ஊத்துங்க."

மிளகாய் மூட்டை

ஜனவரி கடைசி. இன்னும் ஓர் ஆப்சென்ட் விழுந்தால் ட்ரம் போச்சு. இரண்டு வாரமாகக் கயல் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள் என்று டீச்சர் எழுதியிருந்தார். மதுரைக்குப் போய்க் கண் காட்ட வேண்டும். புதன் கூடாது, வெள்ளி கூடாது. நானும் புத்திசாலித்தனமாக நாள்காட்டியைப் பார்த்து வியாழக்கிழமையைப் பிடித்தேன். பஸ்ஸில் எங்கள் காலடியில் யாருடைய மிளகாய் மூட்டையையோ ஏற்றிவிட்டார் கண்டக்டர். விடுவேனா? காரியாபட்டி வரைக்கும் அவரை உரித்து எடுத்தேன். கயல் தும்மிக்கொண்டே என் முந்தானையை இழுத்து இழுத்து என்னவோ சொன்னாள். "சும்மா இரு, பெரியவங்க பேசுறோம்ல" என்றேன்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி. முதல் வெள்ளி என்றால் மதியம் சர்ச்சில் திருப்பலி. அந்த வாரம் மட்டும் பிராக்டிஸ் வியாழனுக்கு மாறிவிடும். கான்வென்ட்டில் பத்து வருஷம் முதல் வெள்ளி தவறாமல் முட்டிபோட்டவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? வெள்ளி சாயந்திரம் கயல் வந்து பையை இறக்கினாள். மூன்றாவது ஆப்சென்ட். "ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. "பஸ்ஸுல அதத்தாம்மா சொன்னேன். நீங்க மொளகா மூட்டைக்குச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தீங்க."

நீல நோட்டு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் டப்பா எதையும் தட்டவில்லை. வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை. கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடினால், அதுவும் காணோம். திங்கட்கிழமை காலையில் கான்வென்ட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். உடுப்பு என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம்; குட்டியைப் பிடிக்கச் சொன்னது யார்? ஆடு கேட்டது யார்? சிஸ்டர் முழுவதையும் கேட்டார். "ஆடு நான் கேட்டதுதான். கறுப்பு நான் கேக்கல" என்றார். அதற்குமேல் என் பேச்சு ஓடவில்லை. "பிள்ளைய விட்டுருங்க சிஸ்டர், தப்பெல்லாம் என்னோடது" என்றேன். இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சிஸ்டர் நீல நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்றாவது ஆப்சென்ட்டின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் குண்டூசி குத்தி, நான் வீடெல்லாம் தேடிய ஆஸ்பத்திரிச் சீட்டு. அன்று காலை மணியடிப்பதற்கு முன்னாலேயே கயல் கொண்டுவந்து கொடுத்தாளாம். வைத்தியத்துக்குப் போனது கணக்கில்லையாம். இப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ட்ரம்மு கயலுக்குத்தான்மா. ஆனா அவ இன்னொண்ணும் கேட்டா, எனக்கும் சரின்னு பட்டுச்சு. குரூப்புல இருந்து உங்கள எடுத்துட்டேன்."

ஆக, விளையாட்டு விழா என்றைக்கு என்று எனக்கு இப்போது தெரியாது. கயல் சொல்லும் நாளில் போய், சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டுவதாக இருக்கிறேன்.