காளையார்கோவில் வரை குலுங்காமல்

எங்கள் கார் குலுங்க ஆரம்பித்தது பிள்ளையார்பட்டியில். சதுர்த்திக் கூட்டம், முன்னும் பின்னும் வேன்கள், உள்ளே பின்சீட்டில் என் கணவரின் அக்கா. விக்கல் எடுத்தவரைப் போல வண்டி நாலைந்து முறை தூக்கிப் போட்டுவிட்டு நின்றது. கணவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். நாத்தனார் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "அப்படித்தாண்டா தம்பி, இன்னுங் கொஞ்சம் அமுக்கு!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முடிவைச் சொல்லிவிட்டார்.

"புதுவயல் மில்லுக்காரரு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்காரு. வண்டிய அவருக்கே குடுத்துருவோம்."

அது என் கார். கல்லூரி ஆய்வகத்துக்கு நான் தினமும் ஓட்டிக்கொண்டு போவது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகியதும் அதில்தான். அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும்.

"எஞ்சின்ல ஒன்னுமில்லங்க. உள்ள தீப்பொறி சரியா விழல. காயிலையும் பிளக்கையும் நல்லதா மாத்துனாப் போதும்."

"யாரு மாத்துறது?"

"நான்தான்."

அவர் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "சரி, மாத்து. அக்கா வீட்டுக்குக் காளையார்கோவில் வரைக்கும் ஓட்டு. வழியில ஒருக்கா, ஒரே ஒருக்கா குலுங்குனாலும் வண்டி புதுவயலுக்கு."

"ஒருக்காக்கூடக் குலுங்காது."

எஞ்சினில் நாலு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பெட்ரோலைப் பற்ற வைக்க ஒரு பிளக். அதன் தலையில் தொப்பி போட்டது போல, அதற்கு மின்சாரம் தள்ளும் ஒரு காயில். பழைய காயில்களில் இரண்டு விரிசல் விட்டிருந்தன. முன்னதைவிடத் திறன் கூடிய காயில்களும் இரிடியம் நுனி வைத்த பிளக்குகளும் வரவழைத்தேன். ஒவ்வொரு பிளக்கின் இடைவெளியையும் அளந்து, சரி பார்த்து, அதனதன் அட்டைக் குழலில் திரும்ப வைத்து, குழல்களின் மேல் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் எழுதினேன்.

கணவர் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். நான்காம் எண்ணை எடுத்துக் நகை பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் அதன் நுனியைப் பார்த்தார்.

"அடியே, ஊசி தோத்துச்சு. நம்ம பட்டறையில இம்புட்டு நைசா இழுக்க ஆளு இல்ல. என்ன உலோகம் இது?"

"இரிடியம். தங்கத்தவிட அரிதாக் கிடைக்கிறது."

அதற்கப்புறம் அவர் பிளக்கைப் பிடித்த விதமே மாறிவிட்டது. கைக்குழந்தையைப் படுக்க வைப்பது போலக் குழலுக்குள் இறக்கினார். புதுச் சாமானைச் சாமியிடம் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். வைக்கலாம், ஆனால் யாரும் குழலைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பூஜை அலமாரியில் நானே வரிசையாக அடுக்கினேன்.

காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தேன். பழைய போர்வையை விரித்து, கழற்றிய காயிலையும் போல்ட்டையும் அதனதன் வரிசையில் வைத்தேன். கணவர் சொல்லாமலே வந்து எனக்கு எடுத்துக் கொடுக்க நின்றார். முதல் பிளக்கை அவரே நீளமான சாக்கெட் ஸ்பேனரின் வாய்க்குள் பொருத்தி, "இந்தா" என்று நீட்டினார். நான் அதை அப்படியே குழிக்குள் இறக்கி முறுக்கினேன். மற்ற மூன்றையும் நானே எடுத்து மாட்டினேன். முதல் பிளக்குக்கு மட்டும் அவருக்கு ஏன் அத்தனை சுறுசுறுப்பு என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடுகிறதா என்று தெரியாமல் இன்னொரு முறை திருப்பப் போனேன், அவ்வளவு சத்தமில்லை! செக்காலை ரோட்டில் வேகத்தடைகள்கூட எனக்கு வழிவிட்டு ஒதுங்கியது போலிருந்தது. கல்லல் தாண்டும்வரை நான் பாடிக்கொண்டே ஓட்டினேன். அவர் ஸ்டீரியோவைத் தேடுவது போல் பாவனை செய்து, "இத எங்குட்டு நிப்பாட்டுறது?" என்றார்.

அப்புறம் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்தது. முந்துவதற்காக அழுத்தி மிதித்தேன்.

விக்.

லாரி போய்க்கொண்டே இருந்தது.

"ரோடு மேடும் பள்ளமுமா இருக்கு" என்றேன்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும்? பந்தியில் இலை கிடைக்காதவர் மாதிரி இருந்தது.

மறுபடி மிதித்தேன். விக், விக்.

ஒரு புளியமர நிழலில் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அவரை உள்ளே உட்கார்ந்து லேசாக முடுக்கச் சொன்னேன். காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். எதைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாதது. நான்கில் மாறியது, மூன்றில் மாறியது, இரண்டில் மாறியது. ஒன்றைக் கழற்றியபோது எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

எஞ்சினை அணைத்து முதல் காயிலை உருவினேன். அதன் ரப்பர் வாய்க்குள் ஏதோ மஞ்சளாகப் பூசியிருந்தது. செல்போன் விளக்கைக் குழிக்குள் அடித்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், சந்தனம். சந்தனத்தின் நடுவில், குங்குமம். அதன் வழியாக மின்சாரம் சறுக்கி இறங்கிய ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

மோந்து பார்த்தேன். ஜவ்வாது வேறு.

"என்னங்க, இங்க வாங்க."

அவர் வரவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழலத் தெறந்தீகளா?"

"ஒன்னுக்கு மட்டுந்தான் வச்சேன்."

"எதுக்கு வச்சீக?"

"பட்டறையில ஒரு இடுக்கி வந்தாக்கூடப் பொட்டு வைக்காம வேலையில எறக்க மாட்டேன். இது இரிடியம். வெறுமனேயா அனுப்புறது?"

"அதுக்குப் பீங்கான்லயா வைக்கிறது? ஈரச் சந்தனத்தப் பூசுனா மின்சாரம் நுனிக்குப் போகாம வெளிவழியா ஓடிப்போகாதா?"

"நெத்தி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. வச்சிட்டேன்."

என்னால் முடியவில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் இறங்கி வந்து சிரித்தார். பால்கேனோடு மொபெட்டில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

"வண்டிய விக்கணும்னு நின்ன ஆளு நீங்கதான? அப்புறம் எதுக்குங்க பொட்டு?"

"விக்கணும்னுதான் சொன்னேன். தோத்துட்டு ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவியே, அத யாரு பாக்குறது?"

நீண்ட ஸ்குரூடிரைவரில் அவருடைய கைக்குட்டையைச் சுற்றி, பீங்கானையும் ரப்பர் வாயையும் துணியில் நிறம் ஏறாத வரை துடைத்தேன். கரியும் குங்குமமும் ஏறிய அந்தக் கைக்குட்டையை வாங்கி அவர் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். காயிலை மாட்டி ஒயரைச் சொருகினேன். அப்புறந்தான் எனக்கு நிபந்தனை நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

"ஆனா குலுங்கிருச்சு. ஒருக்கா குலுங்குனாலும் புதுவயல்னு பேச்சு."

"அது கணக்குல வராது."

"வரும். ஒரே ஒருக்கான்னு நீங்கதான் சொன்னீக. மூணு தரம் குலுங்கிருச்சு."

"அடியே, குலுங்குனது வண்டி இல்ல, என் சந்தனம்."

"நிபந்தனையில சந்தனத்தப் பத்திப் பேச்சே இல்ல."

அவர் செல்போனை எடுத்துப் புதுவயல் மில்லுக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, நான்தான். அந்தக் கார் விசயம்... இல்லண்ணே, விக்கலண்ணே. வீட்டுல குடுக்கணும்னு ஒரே பிடிவாதமா நிக்கிறாக. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

நான் போனைப் பிடுங்கப் போனேன். அவர் காரைச் சுற்றி ஓடினார். காளையார்கோவில் ரோட்டில், பட்டப்பகலில், ஐம்பதை நெருங்கிய இரண்டு பேர்.

அப்புறம் காரை எடுத்தேன். அதே நெல் லாரி ஒரு டீக்கடையில் நின்று கிளம்பி மறுபடி எங்கள் முன்னால் வந்தது. அழுத்தி மிதித்தேன். விக்கல் இல்லை, திணறல் இல்லை. எண்ணெயில் வழுக்குவது போல் லாரியைத் தாண்டினோம். அவர் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடி, மெதுவாப் போடி" என்று சிரித்தார்.

நாத்தனார் வாசலில் காத்திருந்தார். தம்பியின் கறுத்த கையையும், மூக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தையும் பார்த்தார்.

"ஏண்டா, இன்னைக்கும் தள்ளிக்கிட்டா வந்தே?"

"இல்லக்கா, கும்பிட்டுக்கிட்டு வந்தேன்" என்றார் அவர்.