மழை நாள் பக்கங்கள்

சேர்க்கைப் படிவத்தில் ‘குறைபாடு ஏதேனும் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியது நான்தான். என் மகளுக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் வைத்தால்தான் கேட்கும். முந்தைய பள்ளியில் அதைச் சொன்னதற்குக் கிடைத்தது, பாடமே நடக்காத கடைசி அறை. அங்கே ஒரு வருடம் முழுக்க வாத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டினாள். கணக்கில் கெட்டிக்காரி. அந்த வாத்துகளை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதனால் ஜங்லிகாட்டில் இந்தப் புதிய பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து, தினமும் பின்னலைத் தாழ்த்தி மடித்து, ரிப்பனால் காதை மூடிக் கட்டிவிடுவேன். “யார்கிட்டயும் காட்டாத” என்பேன். தலையாட்டுவாள்.

ஜூனில் மழை பிடித்தது. பள்ளிக்குத் தகரக் கூரை, மழை விழுந்தால் மெஷினில் அந்த இரைச்சல்தான் கேட்கும். ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சன்னலில் நின்று வானத்தைப் பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. மாலையில் நோட்டைப் பிரிப்பேன். வெயிலடித்த நாளில் பக்கம் நிறைந்திருக்கும், மழை நாளில் தேதி மட்டும் இருக்கும். இதை டீச்சர் கவனித்தால் மறுபடியும் வாத்துதான்.

ஜூலையில் மழை நாள் பக்கங்களும் நிறைய ஆரம்பித்தன. நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. யாரையோ பார்த்து எழுதுகிறாள், பிடிபடப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த வாரமே டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

ஆட்டோவில் போகும்போதே சொல்ல வேண்டிய பொய்களை அடுக்கிக்கொண்டேன். கொட்டுகிற மழை. வகுப்பு வாசலில் போய் நின்றால், உள்ளே ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகள் நாலு நாலு பேராகத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, சிலேட்டில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் போர்டில் எழுதித்தான் கேள்வி கேட்டார். என் மகள் பின்னலைத் தூக்கிக் கட்டி, மெஷின் பளிச்சென்று தெரிய, பக்கத்தில் இருந்தவளின் வகுத்தலைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் இந்தி கலக்கும்.

“பாரிஷ் வந்தா எனக்கே என் குரல் கேக்காது மேடம். முன்ன பேக்கார்ல, சும்மா வீணா கத்திட்டிருந்தேன். இப்ப மழைன்னா எல்லாருக்கும் எழுத்துதான்.”

“தனி ரூமுக்கு அனுப்பிருவீங்களா டீச்சர்?” என்றேன்.

“எதுக்கு? இங்கயேதான் இருப்பா. ஃபார்ம்ல மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன். அப்பத்தான் அவளுக்கு வேண்டியத நான் ஆபீஸ்ல கேக்க முடியும்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஒரு மாசமா. அவளே சொன்னா. மெஷின்ல ரிப்பன் உரசுற சத்தம்தான் கேக்குதாம், பாடம் கேக்கலையாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. அம்மா பயந்துருவாங்களாம்.”

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள். நான் நிற்பதை என் மகள் பார்க்கவில்லை. சுவரோரமாகத் திரும்பி நின்று, பின்னலை அவிழ்த்துத் தாழ்த்தி, ரிப்பனால் காதை மூடிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்புகிறாள்.