வாழ்த்தி வழியனுப்பியவனின் முன்ஜாமீன்

பூந்தமல்லி நீதிமன்ற வராந்தாவில் அன்று அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், எங்கள் வக்கீலம்மா இருந்தார். எதிர்ச் சுவரோரம் அவனுடைய மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் அவனுடைய வக்கீலும் ஒரு ஜூனியரும். அப்பா வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு மாற்றிக்கொள்ள முடியவில்லை என்றார். முடிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

அவனும் வரவில்லை. முன்ஜாமீனில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. என்னைக் கைது செய்யாதீர்கள் என்று கேட்கிறவன், கைக்கு எட்டும் இடத்தில் வந்து நிற்க வேண்டியதில்லை. எங்கேயோ ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு, போனில் ‘இன்னாச்சு சார்’ என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருப்பான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பட்டாபிராமில் செல்போன் கடை வைத்திருந்தவன் அவன். எனக்கு அண்ணன், அப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுச் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தேன். கடைப்பக்கம் போகும்போதெல்லாம் அவன் விடமாட்டான். “டிகிரி வாங்கிட்டு இந்த மூட்டையத் தூக்கிகினு சுத்துறியே, ஒங்கம்மா மூஞ்சிய எப்டிடா பாக்குற?” என்பான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு என்று அவன் சொன்னபோது அம்மாதான் முதலில் தலையாட்டினாள். அவளுடைய நகையை அடகு வைத்து, அப்பா கம்பெனியில் கடன் வாங்கி, எல்லாவற்றையும் ரொக்கமாக அவன் கையில் கொடுத்தோம்.

பாங்காக்கில் இறங்கியதும் ஒரு வேனில் ஏற்றினார்கள். ஆற்றைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கியபோது பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்ணின் படம் வைத்த கணக்கிலிருந்து நம் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்ப வேண்டும். பேசிப் பழகி, பொய்யான டிரேடிங் ஆப்பில் பணம் போட வைக்க வேண்டும். அதுதான் டேட்டா என்ட்ரி. ஆள் சிக்காத நாளில் சோறு கிடையாது. மாட்டேன் என்றால் கரன்ட் ஷாக். படுக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது.

அங்கே படுத்துக்கொண்டு ஊரை நினைத்து அழுதவர்கள் உண்டு. நான் அவனைத்தான் நினைத்தேன். அவனை அடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெளியிலிருந்து தாழ் போடும் அறையில் அவனும் ஒருநாள் படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாட்டுப் போலீஸ் ஒருநாள் கட்டடத்துக்குள் புகுந்ததால் வெளியே வந்தோம். தூதரகம் எங்களை ஊருக்கு அனுப்பியது. வந்ததும் ஆவடி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தேன். மறுநாளே கடைக்குப் பூட்டு, அவனைக் காணோம். கொஞ்ச நாளில் முன்ஜாமீன் மனு மட்டும் வந்து சேர்ந்தது.

வக்கீலம்மா அதை எனக்குப் படித்துக் காட்டினார். மனுதாரர் புகார்தாரரை நேரில் கண்டதே இல்லை. புகார்தாரர்தான் வெளிநாட்டு மோசடிக் கும்பலில் வேலை பார்த்தவர், தான் தப்பிப்பதற்காக ஓர் அப்பாவி வியாபாரியின் மீது பழி போடுகிறார் என்றிருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். கண்டதே இல்லையாம்.

“வாட்ஸ்அப்ல பேசினது இருக்கா தம்பி?”

“போன் அங்கியே போச்சு மேடம்.”

“பணம் அனுப்பின ரசீது?”

“கையில குடுத்தோம்.”

“ஒண்ணா எடுத்துக்கிட்ட போட்டோவாவது?”

அதுவும் அந்தப் போனில்தான் இருந்தது. அவர் பேனாவை மூடினார். “அவருக்கு உன்னைத் தெரியும்னு காட்டலேன்னா முன்ஜாமீன் குடுத்துடுவாங்க. அப்புறம் இந்தக் கேஸ் நடக்காது. படுத்துடும்.”

முதல் விசாரணையில் அப்படித்தான் ஆகப் பார்த்தது. நீதிபதி போலீஸ் தரப்புக்கு வாய்தா கொடுத்தார். அதுவரை கைது வேண்டாம் என்றார். வெளியே வரும்போது அவனுடைய வக்கீலின் ஜூனியர் என் காதுபடக் கேட்டான்: “இன்னா தம்பி, ஃபாரின்ல டைப்பிங் எல்லாம் ஃபாஸ்ட்டா கத்துக்கினியா?” தெருவில் அதைவிட மோசம். கூடப் படித்தவனே, “மாமே, எனக்கும் ஒரு பொண்ணு ஐடில இருந்து ஹாய் போடேன்” என்றான். சிரித்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் அந்தச் செல்போன் கடைக்காரன் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரம் அத்தை வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் அக்கா, நெமிலிச்சேரியில் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறாள். மனுவில் இருந்ததை அம்மா சொன்னதும் சொம்பைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

“உன்னத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிகினு கீறானா? அடப்பாவி! என் எருமைங்களுக்கே அவன நல்லாத் தெரியுமேடா!”

எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு. வெளிநாடு போகிறவனுக்கும் உண்டு. நான் கிளம்பிய அன்று அவன் தன் செலவில் தெருமுனையில் ஒரு பேனர் கட்டினான். அதைப் பார்த்து அம்மா அழுதாள், இப்படி ஒரு நல்ல மனசா என்று. நான் ஏர்போர்ட்டுக்குப் போன கையோடு அத்தை அதை அவிழ்த்துக்கொண்டு போய் எருமைக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அன்றே நெமிலிச்சேரிக்குப் போய், ஏணி வைத்து ஏறி அதை இறக்கினேன். படத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்ததால் வெயில் படாமல் சாயம் அப்படியே இருந்தது. கூலிங் கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பூசணிக்காய் அளவுக்கு அவன் முகம். ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு நான். ‘கடல் கடந்து செல்லும் எங்கள் அன்புத் தம்பியை வாழ்த்தி வழியனுப்பும் உங்கள் அண்ணன்’ என்று எழுதி, அவன் பெயர், கடைப் பெயர், போன் நம்பர்.

வாளியில் சோப்புத்தூள் கரைத்துக் கழுவ உட்கார்ந்தேன்.

“அவன் மூஞ்சில கீற சாணிய உட்டுர்றா” என்றாள் அத்தை. “அழகாத்தான கீது.”

வக்கீலம்மா பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு குனிந்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சுக்கடையின் பெயரைக் காட்டினார். பூந்தமல்லியில் ஒரு பாயின் கடை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னோம், அவர் பாயை அழைத்து வாக்குமூலம் வாங்கினார். அதற்கு முன்பே நான் கடைக்குப் போய்க் கேட்டிருந்தேன்.

“மறக்குமா தம்பி?” என்றார் பாய். “கம்ப்யூட்டர் பக்கத்துலயே ஒக்காந்துகினு, ‘பாய், என் மூஞ்சிய இன்னும் பெருசு பண்ணு’ன்னாரு. போற பையன் மறையறானேன்னேன். ‘அவன் போறவன் பாய், இங்க இருக்கப்போறது நாந்தான’ன்னாரு.”

வீடு வரும்வரை அந்த ஒரு வாக்கியம் என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த விசாரணைதான் நான் முதலில் சொன்ன நாள். எங்கள் வழக்கைக் கூப்பிடுமுன் அவன் மனைவி வராந்தாவைக் கடந்து வந்தாள். எத்தனையோ முறை எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள்.

“தம்பி, நீங்க குடுத்தது மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துடறோம். நாளைக்கே. ஆட்சேபணை இல்லன்னு மட்டும் சொல்லிடு. அவரு உள்ள போய்ட்டா புள்ளைங்க எப்டி ஸ்கூலுக்குப் போவும்?”

அம்மா என்னைப் பார்த்தாள். இந்தப் பேச்சு வரும் என்று எங்களுக்கு முந்தின நாளே தெரியும். “வாங்கிக்கடா” என்று அப்பா சொல்லியிருந்தார். “நகைய மீட்டுக்கலாம். அவன் உள்ள போனா நமக்கு இன்னா கெடைக்கும்?” நான் பதில் சொல்லாததால்தான் அவர் வரவில்லை.

“அண்ணி,” என்றேன், “அவரு என்னப் பாத்ததே இல்லன்னு எழுதிக் குடுத்துக்கீறாரு. பாக்காதவனுக்கு எதுக்கு நீங்க பணம் தர்றீங்க?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நன்றாக இருந்தது. அதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை.

உள்ளே அவனுடைய வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் சமூக சேவை மனப்பான்மை உள்ளவர், ஏரியாவில் பலரை வாழ்த்துவது வழக்கம், பேனர் வைப்பது மோசடி ஆகாது என்றார். அரசு வக்கீல் பாயின் வாக்குமூலத்தைப் படித்தார். அவன் அனுப்பி வைத்த இன்னும் சிலர் அந்த நாட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள், அவர்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் இவனைக் காவலில் வைத்து விசாரிக்க வேண்டும் என்றார். நீதிபதி பேனரின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நேர்ல பாத்ததே இல்லைங்கிறீங்க. பாக்காத பையனை இவ்ளோ பெருசா வாழ்த்தியிருக்கீங்களே?”

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டவாலி அதட்டினார். மனு தள்ளுபடி.

சில நாளில் வானகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அவனைப் பிடித்தார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது அன்றைய வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் வாசலில் நின்றேன். கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினான். என்னைக் கண்டதும் கால் தடுக்கியது. ரிமாண்டு செய்து புழலுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு அவன் வீட்டில் யாரும் பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேசவில்லை. இருந்ததெல்லாம் ஜாமீன் மனுக்களுக்கும் வக்கீல்களுக்கும் போயிற்று என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் நகை ஏலத்துக்குப் போனது. அவள் மஞ்சள் கயிற்றோடு கோயிலுக்குப் போய் வருகிறாள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அப்பா மட்டும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “உன் ஆத்திரத்துக்கு மொத்தம் எவ்ளோடா ஆச்சு? நீதான படிச்சவன், கூட்டிச் சொல்லு.”

கூட்டினேன். நான் வேண்டாமென்று சொன்ன இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வக்கீலம்மாவுக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் வகைக்கும் முப்பத்தைந்தாயிரம். அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான். எனக்கு அந்தத் தொகை குறைவு என்றுதான் பட்டது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்: இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய்.