மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு

அந்த நெயில் பாலிஷ் பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல மருதாணிச் சிவப்பு. என் ஓரகத்தியுடையது, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்னவாசலில் இருபது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம். அவள் நிறத்தைப் பார்த்து வயிறெரிந்தேன். மாமியார் சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்தபோது எரிந்தேன். கடைசியில் இரண்டு பேருக்குமே மார்பில் புற்றுநோய் வந்து, எலும்பு வரைக்கும் போய், ஒரே கடையில் ஒரே ஹார்மோன் மாத்திரையை வாங்க ஆரம்பித்தோம். அப்போதும் அந்த எரிச்சல் போகவில்லை. அட, பாவி மனசே!

இரண்டு அட்டைகளும் ஒரே டப்பாவில் கிடக்கும். அடையாளத்துக்கு அவள் தன் அட்டையில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். முதல் ஸ்கேனில் அவளுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. எனக்கு வளரவில்லை, அவ்வளவுதான். "ஒனக்கும் கேக்கும்டி, பொறு" என்றாள். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அட்டையில் இருப்பதுதான் நல்ல மாத்திரை என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் புகுந்துகொண்டது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் பொட்டைச் சுரண்டிவிட்டு, என் அட்டையில், அவளுடையது போலவே எனக்குத் தெரிந்த என் பாலிஷால் ஒன்று வைத்தேன். பொட்டில்லாத அவள் அட்டையை நான் எடுத்துக்கொள்வேன். மாசாமாசம் புது அட்டை வந்ததும் இதே வேலை.

அடுத்த வருஷம் அவளுக்கு நோய் மறுபடி வளர்ந்தது. எனக்கு அப்படியே நின்றது. நான்தான் அவள் உயிரை எடுத்துக்கொண்டேனோ என்று சோறு இறங்கவில்லை. அவள் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்த புதுக்கோட்டை டாக்டர் விளக்கினார். புற்றுநோய்ச் செல்லுக்குள் ஹார்மோனை வாங்கும் புரதம் ஒன்று இருக்கிறதாம். ஹார்மோன் தொட்டால்தான் அது செல்லை வளரச் சொல்லும். மாத்திரை அந்த ஹார்மோனைக் குறைக்கும். அவளுக்கோ அந்தப் புரதத்தின் மரபணுவே மாறிப்போய், ஹார்மோன் இல்லாமலே அது வேலை செய்கிறது. "தோட்டத்து மோட்டாரை ஆட்டோவுல போட்டு வைப்பீங்கள்ல? யாரும் சுவிட்சைத் தொடாமலே ஓடுதுல்ல? அது மாதிரிங்க."

"மாத்திரை மாறிப்போயிருந்தா இப்படி ஆகுங்களா சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மாத்திரைதானம்மா."

அன்றைக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "தெரியும்டி, கூறுகெட்டவளே. ஒன் பாலிஷு ரோஸு. அதக்கூடப் பாக்க மாட்டேனா? நீ மாத்துன மறுநாளே நான் திருப்பி மாத்திருவேன். என் மாத்திரைய ஒனக்கு விட்டுருவேனா?"

ஒரு வருஷம் அவளுடையது என்று நம்பி என் மாத்திரையையே விழுங்கியிருக்கிறேன்! நிம்மதியாகவும் இருந்தது, தோற்றுப்போன ஆத்திரமாகவும் இருந்தது.

அவள் போய்விட்டாள். மாத்திரை எனக்கு இன்னும் கேட்கிறது. வீட்டில் எல்லோரும் அவளைப் பற்றியே பேசும்போது இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. டப்பாவில் இருப்பது ஒரே அட்டை, அடையாளம் எதற்கு? இருந்தாலும் புது அட்டை வந்ததும் அவள் பாட்டிலைத் திறந்து ஒரு பொட்டு வைக்கிறேன். மறுநாள் காலையில் யாராவது அதைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைப் போடுகிறேன்.