பார்வை நேரம் நாலு முதல் ஆறு

வன்னியம்பட்டி ஏசம்மாள் மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, 1936இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தாள். பெண்கள் வார்டு அவள் பொறுப்பு. கஞ்சி போட்ட அவளுடைய வெள்ளைச் சேலை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால் டாக்டர் வேதசிரோமணிகூட மூக்குப்பொடி டப்பியை மேசைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாக வருவதில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் வண்டி கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். கட்டிலுக்கு மேலே நோயாளி, கட்டிலுக்குக் கீழே குடும்பம். ஜன்னல் கம்பிகளில் ஈரச் சேலை காயும். வராந்தாவில் குழம்பு கொதிக்கும். புண்ணுக்குக் கட்டும் துணியை வேகவைக்கிற பாத்திரத்தில் ஒருநாள் கருவாட்டு வாடை வந்தது. அன்றைக்கே ஏசம்மாள் சட்டம் போட்டாள். பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வரலாம், ஆறு மணிக்குப் போய்விட வேண்டும்.

"நம்ம சனங்க இதுக்கு ஒத்துக்கிடுவாங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"ஒத்துக்கிட வைக்கது என் வேலைய்யா."

முதலில் எதிர்த்து நின்றது கான்சாபுரம் அன்னத்தாய். அவள் மருமகள் வெள்ளைத்தாய் பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலோடு வார்டில் கிடந்தாள்.

"நாலு மணிக்குத் தெறந்து ஆறு மணிக்கு அடைக்க எம் மருமக என்ன கோழியா?"

"கோழின்னா சொன்னபடி கேக்கும், பெரியம்மா. வெளிய போங்க."

அன்னத்தாய் போனாள். மற்றவர்களும் போனார்கள். வார்டு கண்ணாடி மாதிரி ஆயிற்று. பெண்ணுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிய தாயைப் போல ஏசம்மாள் நிறைவோடு நடமாடினாள். ஆஸ்பத்திரிக் கஞ்சியை நோயாளிகள் மிச்சம் வைக்காமல் குடிப்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. ஆஸ்பத்திரி நாய் ஏன் இப்படிக் கொழுத்துவிட்டது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை வரவேண்டிய மேலிடத்துப் பெரிய டாக்டர் புதன்கிழமை மத்தியானமே பரிசோதனைக்கு வந்துவிட்டார். டாக்டர் வேதசிரோமணி முன்னால் நடக்க, ஏசம்மாள் பின்னால் வர, மூன்று பேரும் வார்டுக்குள் நுழைந்தார்கள். கட்டில்களில் எல்லாரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். பெரிய டாக்டர் முதல் கட்டிலில் இருந்தவளின் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"நல்லாத் தேறியிருக்கு. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிரலாம்."

"நான் இப்பத்தானுங்க வந்து படுத்தேன்" என்றாள் அன்னத்தாய். "செத்த நேரம் பொறுங்க. அவ சாப்புட்டு வந்துருவா."

ஏசம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். பின்பக்க வேப்பமரத்தடியில் அவளுடைய நோயாளிகள் குடும்பத்தோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலியாகக் கிடந்தால் கட்டிலை வேறு யாராவது பிடித்துவிடுவார்களோ என்று மாமியார்களும் நாத்தனார்களும் இங்கே காவல் படுத்திருந்தார்கள். டாக்டர் வேதசிரோமணி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இங்கே உண்மையிலேயே எத்தனை நோயாளி?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"சாப்புட்டு வந்த பொறவு எண்ணிச் சொல்றேங்க" என்றாள் ஏசம்மாள்.

அன்று அவள் அழவில்லை என்று பிற்காலத்தில் சாதித்தாள். டாக்டர் வேறு மாதிரிச் சொல்வார். எப்படியோ, மறுநாள் காலை அன்னத்தாயைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, உள்ளதான் இருப்பீங்கன்னா சும்மா இருக்கக் கூடாது."

புதுச் சட்டம் இது: ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு ஆள் தங்கலாம். அந்த ஆள் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் வேப்பமரத்தடியில்தான். கொண்டுவருகிற எதையும் நர்ஸ் பார்த்த பிறகே வாயில் வைக்கலாம். நகம் வெட்டுவது அன்னத்தாய்க்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. ஆனால் அடுத்தவள் கையைச் சோதிக்கும் அதிகாரம் கிடைத்ததும் அந்த வருத்தம் மறைந்துவிட்டது. "ஏட்டி, கையக் காட்டு" என்ற குரல் தெரு வரை கேட்கும். ஏசம்மாள் விட்டுக்கொடுத்தாலும் அவள் விடமாட்டாள்.

வெள்ளைத்தாய் குணமாகி வீட்டுக்குப் போனாள். அன்னத்தாய் மேலும் ஒரு மாதம் அங்கேயே இருந்தாள். மாமியார் இல்லாமல் இருந்தால் மருமகளுக்குச் சீக்கிரம் உடம்பு தேறும் என்று அவளே காரணம் சொன்னாள். வெள்ளைத்தாய் மாமியாருக்கு மாற்றுச் சேலை இரண்டு கொடுத்தனுப்பினாள்.

இரண்டு வருடம் கழித்து ஏசம்மாளுக்கு டைபாய்டு வந்தது. தன் வார்டிலேயே படுத்தாள். அவளைப் போல மோசமான நோயாளி அந்த வார்டுக்கு வந்ததில்லை. விரிப்பின் மூலை சரியாக மடிக்கவில்லை, தெர்மாமீட்டரை உதறவில்லை என்று படுத்தபடியே குறை சொன்னாள். பிறகு காய்ச்சல் ஏறி, பேச்சு நின்றது. அதன்பிறகுதான் எல்லாருக்கும் பயம் வந்தது. ஏசம்மாளைப் பெற்றவள் முன்பே இறந்திருந்தாள். அப்பா மைக்கேல் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். கூட இருக்க ஒரு ஆளை அனுமதிக்கிற வார்டில், அவள் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை.

சேதி கேட்டு அன்னத்தாய் கான்சாபுரத்திலிருந்து வந்தாள். யாரும் சொல்லாமலே கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினாள், உடம்பைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க இவிகளுக்கு என்ன வேணும்?" என்று புது நர்ஸ் கேட்டாள்.

"நான் இவளோட ஆளு" என்றாள்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய ஒரு மத்தியானம் ஏசம்மாள் கண்ணைத் திறந்து, ஒரு வாய் ரசம் சோறு கேட்டாள்.

"கஞ்சித்தண்ணிதான். டைபாய்டுக்குச் சோறு ஆகாதுன்னு எனக்குச் சொன்னது ஆரு?"

"கொஞ்சூண்டு."

"ஒரு பருக்கை கெடையாது."

ஏசம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அன்னத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

1944இல் இராஜபாளையத்தில் புதிதாகத் திறந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்சாக ஏசம்மாளை அழைத்தார்கள். அவள் கான்சாபுரத்துக்குப் போய் அன்னத்தாயையும் கூப்பிட்டாள்.

"எரும நெறமாசமா நிக்கி. அதுக்கும் ஆள் வேணும்ல" என்றாள் அன்னத்தாய்.

ஏசம்மாள் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். எருமை கிடேரிக் கன்று ஈன்றது. கன்றை விட்டு வரமாட்டேன் என்ற அன்னத்தாயிடம் சீம்பாலைத் தூக்குச்சட்டியில் வாங்கி, வெள்ளைச் சேலையில் சிந்தாமல் மடியில் பிடித்தபடி அவள் இராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.